இம்யூனோதெரபியில் ட்ரோபோனின் ஏறினால்: காத்திருப்பதா, சோதிப்பதா, உடனே ஸ்டீராய்டா?

இம்யூனோதெரபி இரண்டு தவணை முடிந்துவிட்டது. மூன்றாவது தவணைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின் (இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம்) கூடியிருக்கிறது. நோயாளி எழுந்து நடமாடுகிறார், சாப்பிடுகிறார். மாடி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்கிறார். "ஊசியைத் தள்ளிப்போட்டு மறுபடி பார்ப்போம்" என்கிறார் புற்றுநோய் மருத்துவர். "முதலில் ஆஞ்சியோ, பிறகு எம்ஆர்ஐ" என்கிறார் இதய மருத்துவர். வேறொரு இடத்தில் கேட்டால், "இன்றைக்கே அட்மிட் ஆகுங்கள், ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும்" என்கிறார்கள். குடும்பம் நடுவில் நிற்கிறது.

மூன்று யோசனைகளுமே சரியாக அமையும் நோயாளிகள் உண்டு. ஆனால் மூன்றும் சம எடை கொண்டவை அல்ல. எது யாருக்கு, எதற்கு என்ன மறைவான விலை என்பதைக் கீழே பிரித்துப் பார்க்கலாம். முடிவை எடுக்கப்போவது உங்கள் மருத்துவர்கள்தான். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

## முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அட்டிசோலிசுமாப், டுர்வாலுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள் புற்றணுவை நேரடியாகக் கொல்வதில்லை. டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் மேலிருக்கும் பிரேக்கை விடுவிக்கின்றன. பிரேக் நீங்கிய டி செல்கள் கட்டியைத் தாக்குகின்றன. சிலருக்கு அதே செல்கள் இதயத்தசைக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. இதுதான் மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தசை அழற்சி. இதயத்தசையில் உள்ள ஆல்ஃபா-மயோசின் என்ற புரதம் இந்தத் தாக்குதலின் ஓர் இலக்கு என்று 2022-ல் எலிகளில் காட்டப்பட்டது. பாதிக்கப்பட்ட நோயாளிகளின் ரத்தத்திலும் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டி செல்கள் கிடைத்தன.

2016-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டும் சேர்த்துப் பெற்ற இரண்டு மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள் இதனால் இறந்ததை விவரித்தார்கள். மருந்து நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவில் நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 0.06 சதவீதம், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 0.27 சதவீதம் என்று அப்போது கணக்கு வந்தது. பிறகு மருத்துவமனைகள் தேடிப் பார்க்கத் தொடங்கியதும் எண்ணிக்கை கூடியது: 2018-ல் வந்த ஒரு தொகுப்பில் 1.14 சதவீதம். அபூர்வம்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் பதிவில் இருந்த 131 நோயாளிகளில் 52 பேர் இறந்திருந்தார்கள். இந்த மருந்துகளின் பக்கவிளைவுகளில் இவ்வளவு உயிரிழப்பு விகிதம் வேறெதற்கும் இல்லை. லேசானவை அதிகம் பதிவாவதில்லை என்பதால் உண்மை விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம்; அதை நம்பி நிதானமாக இருக்க முடியாது.

காலமும் முக்கியம். 2018 தொகுப்பில், முதல் ஊசியிலிருந்து அழற்சி தெரிய எடுத்த இடைநிலைக் காலம் 34 நாள். 81 சதவீதம் பேருக்கு முதல் மூன்று மாதத்துக்குள் வந்தது. ஆகவே இரண்டாவது, மூன்றாவது தவணைக்கு முன் ஏறும் ட்ரோபோனினை, ஒன்றரை வருடம் கழித்து ஏறுவதைவிடக் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் செலவு காரணமாகப் பலர் குறைந்த அளவு நிவோலுமாப் பெறுகிறார்கள். டாடா மெமோரியல் மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயில் மூன்று வாரத்துக்கு 20 மி.கி. வீதம் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வோர் விகிதம் 16.3-லிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டினார்கள். அந்த அளவு வேலை செய்வதன் காரணமே, டி செல்களின் பிரேக்கான பிடி-1 ஏற்பிகளை அடைக்கக் கொஞ்சம் மருந்து போதும் என்பதுதான். கட்டிக்குப் போதுமான அளவு பக்கவிளைவுக்கும் போதும். "குறைந்த டோஸ்தானே" என்று ட்ரோபோனினை ஒதுக்கிவிடக் கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

கடிகாரம். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் விலை இருக்கிறது. எண்ணிக்கையைக் கீழே தருகிறேன்.

எந்தத் தவறைத் திருத்த முடியும். அழற்சி இல்லாதவருக்கு மூன்று நாள் ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். அழற்சி உள்ளவருக்கு மூன்று நாள் கொடுக்காமல் விட்டால் இதயத்துடிப்பே நின்றுபோகலாம்.

பெயரின் விலை. இது அதிகம் பேசப்படாதது. கேஸ் ஷீட்டில் மயோகார்டைட்டிஸ் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அநேகமாக அந்த நோயாளிக்கு இம்யூனோதெரபியின் கதவு மூடிவிடும். அவருக்கு இருக்கும் சிறந்த மருந்து அதுவாக இருந்தால், தவறான நோயறிதலும் உயிரைத்தான் எடுக்கும். ஆகவே ஸ்டீராய்டை அவசரமாகத் தொடங்கலாம். பெயரை அவசரமாக ஒட்டக் கூடாது. இரண்டும் வெவ்வேறு முடிவுகள்.

மற்ற தசைகள். கணிசமானவர்களுக்கு இதயத்தோடு உடல் தசைகளும் அழற்சியாகும். சிலருக்கு மயஸ்தீனியாவும், அதாவது நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போகாத நோயும், சேரும். இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, விழுங்கும்போது புரையேறுவது, கழுத்து நிற்காமல் சாய்வது ஆகியவை அடையாளங்கள். இவர்களில் இதயம் தேறிவந்தும் மூச்சுத் தசை செயலிழந்து இறந்தவர்கள் உண்டு.

இருக்கும் இடம். இருபத்துநான்கு மணி நேரமும் ட்ரோபோனின் பார்க்க முடியுமா, மானிட்டர் கட்டில் உண்டா, நள்ளிரவில் தற்காலிக பேஸ்மேக்கர் வைக்க ஆள் உண்டா? 'காத்திருப்போம்' என்ற சொல்லின் பொருள் இடத்துக்கு இடம் மாறும்.

இவற்றோடு ஒரு மருந்தியல் உண்மை. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் ரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும்; டி செல்களில் ஒட்டியிருப்பது மாதக்கணக்கில் நீடிக்கும். எனவே ஒரு தவணையைத் தள்ளிப்போடுவதால் புற்றுநோய் சிகிச்சைக்குப் பெரிய நஷ்டம் இல்லை, தயங்காமல் தள்ளிப்போடலாம். அதே காரணத்தால், தள்ளிப்போடுவதால் மட்டும் இதயத்துக்குப் பாதுகாப்பும் இல்லை. மருந்து உடம்பில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

## வழி 1: ஊசியை நிறுத்திவிட்டு, ட்ரோபோனினை மறுபடி பார்ப்பது

யாருக்குப் பொருந்தும். கீழுள்ள அத்தனையும் ஒருசேர இருப்பவருக்கு மட்டும்: எந்த அறிகுறியும் இல்லை, ஈசிஜி பழைய ஈசிஜியைப் போலவே இருக்கிறது, ட்ரோபோனின் ஏற்றம் சிறியது, சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) சாதாரணம், எக்கோவில் இதயத்தின் இயக்கம், ஸ்ட்ரெயின் (இதயத்தசை சுருங்கும் அளவு) உட்பட, மாறவில்லை. முதலில் சொன்ன நோயாளி மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார் அல்லவா, அவர் இந்த வழிக்குரியவர் அல்லர்.

எப்படிச் செய்வது. அடுத்த பரிசோதனை ஒரு வாரம் கழித்து அல்ல. அன்று மாலை அல்லது மறுநாள் காலை. அதே லேப், அதே வகை ட்ரோபோனின். டி வகையும் ஐ வகையும் வேறு வேறு. ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடக் கூடாது. அலகையும் பாருங்கள். லிட்டருக்கு நானோகிராம் என்று ஒரு லேபும், மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று இன்னொன்றும் தரும். இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். 0.05 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்தவர், அது லிட்டருக்கு 50 என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ட்ரோபோனின் டி-க்கு மேல் வரம்பு 14.

கீமோவால் முடி கொட்டியதற்காக பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் பலர். அது சில ட்ரோபோனின் சோதனைகளைக் குழப்பி, உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் ட்ரோபோனின் எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும். இம்யூனோதெரபி தொடங்கும் முன் எடுத்த அளவு கையில் இருந்தால் மட்டுமே இன்றைய எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

மறைவான விலை. வெள்ளிக்கிழமை மாலை 'திங்கட்கிழமை பார்ப்போம்' என்று அனுப்பிவிடும் பழக்கம். இதயத்தின் மின்பாதை அறுபட்டு முழு ஹார்ட் பிளாக் ஆக மணிக்கணக்கு போதும். ஈசிஜியில் பிஆர் இடைவெளி (மின்சைகை மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) 160 மில்லிசெகண்டிலிருந்து 210-க்கு நீண்டிருந்தால், எண் எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது என்று விடக் கூடாது. புதிதாக பண்டில் பிராஞ்ச் பிளாக் (மின்பாதையின் ஒரு கிளையில் தடை) வந்திருந்தாலும் அப்படியே. பழைய ஈசிஜியின் படத்தைப் போனில் வைத்திருங்கள். இரவில் டியூட்டி டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

மறுபடி எடுத்தது ஏறியிருந்தால் இந்த வழி அங்கேயே முடிகிறது.

## வழி 2: முதலில் நிரூபணம், பிறகு சிகிச்சை

யாருக்குப் பொருந்தும். நிலை சீராக இருந்து, வேறு காரணத்துக்கு நியாயமான வாய்ப்பும் உள்ளவருக்கு. நெஞ்சுவலியும் ஈசிஜியில் எஸ்டி உயர்வும் இருந்தால் ஆஞ்சியோகிராம் முதலில் வர வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு மாரடைப்பும் வரக்கூடியதுதான். நுரையீரல் ரத்தக்கட்டு, கிருமித்தொற்று, வேகமான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு ஆகியவையும் ட்ரோபோனினை ஏற்றும்.

சோதனைகள் ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிந்தால்தான் இந்த வழியை எடைபோட முடியும்.

*எக்கோ.* கட்டிலருகே பத்து நிமிடத்தில் முடியும், கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் எக்கோ நார்மல் என்பதால் அழற்சி இல்லை என்று ஆகாது. 2018 தொகுப்பில் அழற்சி உறுதியானவர்களில் 51 சதவீதம் பேருக்கு இதயம் ரத்தம் தள்ளும் சதவீதமான ஈஎஃப் நார்மலாகவே இருந்தது. 'ஈஎஃப் 60, கவலை வேண்டாம்' என்பதுதான் இந்த நோயில் மிக அதிகம் ஏமாற்றும் வாக்கியம். ஸ்ட்ரெயின் அளவைக் கேட்டு வாங்குங்கள். ஈஎஃப் விழாதவர்களிலும் அது குறைந்திருப்பது உண்டு.

*எம்ஆர்ஐ.* இதயத்துக்குள் எதையும் செலுத்தாத சோதனைகளில் இதுவே சிறந்தது. ஆனால் சீக்கிரம் எடுத்தால் கண்ணில் படாமல் போகும். 103 நோயாளிகளைப் பார்த்த ஒரு பன்னாட்டுத் தொகுப்பில், அனுமதியான நான்கு நாளுக்குள் எடுத்தவர்களில் 21.6 சதவீதம் பேருக்கே கான்ட்ராஸ்ட் சாயம் தங்கிக் காட்டும் தழும்பு தெரிந்தது. நான்கு நாளுக்குப் பிறகு எடுத்தவர்களில் 72 சதவீதம் பேருக்குத் தெரிந்தது. நார்மல் எம்ஆர்ஐயை வைத்து ஸ்டீராய்டை மறுத்தால் தவறாகும் வாய்ப்பு பெரிது. எடுக்கும்போது டி1, டி2 மேப்பிங் செய்யப்படுமா என்று முன்பே கேளுங்கள். அது இல்லாமல் எடுத்தால் நீர்க்கோப்பு தப்பிவிடும். முக்கால் மணி நேரம் படுத்து, மூச்சைப் பிடித்து விட வேண்டும். மூச்சுத் திணறுபவருக்குப் படமே தெளிவாக வராது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு கான்ட்ராஸ்ட் தர யோசிப்பார்கள்.

*பயாப்ஸி.* கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக வலது கீழறைக்குள் போய் ஐந்து துண்டாவது எடுக்க வேண்டும். இதுதான் கடைசி ஆதாரம். ஆனால் அழற்சி திட்டுத் திட்டாக இருப்பதால் பாதிக்கப்படாத இடத்திலிருந்து துண்டு எடுத்துவிட்டால் 'இல்லை' என்று வரும். பழகிய கைகளில் இதயச்சுவர் ஓட்டை போன்ற பெரிய ஆபத்து நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் கீழ். பழகாத இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. தட்டணு குறைந்திருந்தாலும் ரத்தம் உறையா மருந்து ஓடிக்கொண்டிருந்தாலும் ஆபத்து கூடும். எம்ஆர்ஐ இரண்டுங்கெட்டானாக இருந்து, இம்யூனோதெரபியைத் தொடர்வதா வேண்டாமா என்பதே பயாப்ஸியைப் பொறுத்திருக்கும்போது இதன் மதிப்பு மிகப் பெரிது. ஸ்டீராய்டு வேலை செய்யாதபோதும் அப்படியே.

*சிகே, கல்லீரல் என்சைம்கள்.* மலிவானவை, மறக்கப்படுபவை. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியதைக் கல்லீரல் பாதிப்பு என்று படித்துவிடுவார்கள். தசை உடைந்தாலும் இவை ஏறும். கூடவே சிகே பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கொலஸ்ட்ரால் மாத்திரைதான் காரணம் என்று சிகே ஏற்றத்தைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது.

மறைவான விலை. நேரம். எம்ஆர்ஐ ஸ்லாட் புதன்கிழமை, அறிக்கை வியாழன், முடிவு வெள்ளி என்று நாள் ஓடும். மாரடைப்பு என்று முதலில் எண்ணி ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், ஹெப்பாரின் மூன்றையும் கொடுத்துவிட்டால், தட்டணு குறைந்த புற்றுநோயாளிக்கு ரத்தக்கசிவும் சேரும். ஆஞ்சியோவில் குழாய்கள் சுத்தம் என்று வந்த அந்த நிமிடத்தில் ஸ்டீராய்டு பற்றிய முடிவு எடுக்கப்பட வேண்டும். 'மாரடைப்பு இல்லை, டிஸ்சார்ஜ்' என்று அனுப்பிவிடும் இடம் இதுதான்.

## வழி 3: உடனே ஸ்டீராய்டு, சோதனைகள் பக்கத்திலேயே

யாருக்குப் பொருந்தும். அறிகுறி, ஈசிஜி மாற்றம், சிகே ஏற்றம், இமை தொங்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு ட்ரோபோனினும் ஏறி, ஆஞ்சியோ அல்லது மருத்துவ நிலைமை மாரடைப்பை விலக்கிவிட்ட எவருக்கும். நடைமுறையில் சந்தேகம் வலுவாக உள்ள பெரும்பாலோர் இதில்தான் அடங்குவார்கள்.

ஏன். 2020-ல் வெளிவந்த, 126 நோயாளிகளைக் கொண்ட ஒரு தொகுப்பு இதய நோயால் இறப்பு, இதயத்துடிப்பு நிற்றல், இதய அதிர்ச்சி நிலை, முழு ஹார்ட் பிளாக் ஆகியவற்றை எண்ணியது. அனுமதியான 24 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 7 சதவீதம். 24 முதல் 72 மணிக்குள் பெற்றவர்களில் 34.3 சதவீதம், 72 மணிக்குப் பிறகு பெற்றவர்களில் 85.1 சதவீதம். அளவிலும் வித்தியாசம் தெரிந்தது: நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் மெத்தில்பிரட்னிசலோன் பெற்றவர்களில் 22 சதவீதம், 60 மி.கி.க்குக் கீழ் பெற்றவர்களில் 61.9 சதவீதம். இது யாருக்கு எது என்று குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. தாமதமானவர்கள் வேறு விதத்திலும் மோசமாக இருந்திருக்கலாம். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தாலும், 7-க்கும் 85-க்கும் உள்ள இடைவெளி என்னைத் தயங்க விடுவதில்லை.

எப்படிச் செய்வது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல்படி, மெத்தில்பிரட்னிசலோன் நாளுக்கு 500 முதல் 1,000 மி.கி. வரை, மூன்று முதல் ஐந்து நாள், சிரை வழியாக. இதை மளமளவென்று தள்ளக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் பெரிய அளவு ஏற்றியதில் துடிப்புக் கோளாறும் துடிப்பு நிற்றலும் பதிவாகியிருக்கின்றன. ஒரு மணி நேரம் போல ஓட விட்டு, மானிட்டரைக் கட்டி, பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டே கொடுப்பது நல்லது.

முதல் பாட்டில் ஏறுவதற்குள் ட்ரோபோனின், சிகே, பிஎன்பி (இதயத்தின் சுமையைக் காட்டும் அளவு), சர்க்கரை, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்து, ஈசிஜி, எக்கோ முடித்துவிடலாம். இரண்டு மணி நேர வேலை. எம்ஆர்ஐயை அடுத்த சில நாளில் எடுக்கலாம். ஓரிரு வேளை ஸ்டீராய்டால் பயாப்ஸியில் தெரியும் அழற்சி பெரும்பாலும் மறைந்துவிடாது. வசதியில்லாத ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால், அங்குள்ள மருத்துவரோடு போனில் பேசி முதல் பாட்டிலை ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே தொடங்குவது வழியில் போகும் மணி நேரங்களை மிச்சப்படுத்தும்.

ட்ரோபோனின் உச்சத்திலிருந்து மூன்று நாளுக்குள் பாதிக்கு மேல் இறங்கி, ஈசிஜியும் தேறினால் மாத்திரைக்கு மாறலாம்: எடையில் கிலோவுக்கு 1 மி.கி. பிரட்னிசலோன், அதிகபட்சம் 80 மி.கி. பிறகு வாரம் 10 மி.கி. வீதம், ஒவ்வொரு குறைப்பிலும் ட்ரோபோனின், ஈசிஜி பார்த்து இறக்குவார்கள். 20 மி.கி. வந்ததும் மறுபடி எல்லாவற்றையும் மதிப்பிட்டு, வாரம் 5 மி.கி. வீதம் 5 வரை. அதன்பின் வாரம் 1 மி.கி. பாதி வழியில் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று மாத்திரையைத் தானே நிறுத்துவது மிக ஆபத்து. அழற்சி திரும்பும், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும்.

மறைவான விலை. மதியத்துக்கு மேல் சர்க்கரை தாறுமாறாக ஏறும். காலை வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்தால் பிடிபடாது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் உறங்கும் காசநோய் விழிக்கலாம். ஹெபடைட்டிஸ் பி விழிக்கலாம். மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் பகுதியினருக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் குடற்புழு இருந்தால் ஸ்டீராய்டில் அது உடம்பெங்கும் பரவி உயிரைக் குடிக்கும். ஐவர்மெக்டின் முன்கூட்டியே தரலாமா என்று கேளுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் 20 மி.கி.க்குக் குறையாமல் போகுமானால் நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றின் தடுப்புக்குக் கோட்ரைமாக்சசோல் வேண்டும்.

மயஸ்தீனியா சேர்ந்திருந்தால், பெரிய அளவு ஸ்டீராய்டு தொடங்கிய முதல் ஓரிரு வாரத்தில் தசை பலவீனம் தற்காலிகமாகக் கூடலாம். ஸ்டீராய்டு வேண்டாம் என்பது இதற்குப் பொருள் அல்ல; மூச்சைக் கவனிக்க வேண்டும் என்பது பொருள். ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20-ஐ எட்ட முடியாவிட்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு 98 காட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் தசை தளர்ந்துகொண்டிருக்கும்.

'ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் மருந்து வீணாகிவிடுமே' என்ற பயம் எல்லாக் குடும்பத்துக்கும் வருகிறது. பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு பெற்றவர்களில் பலருக்குக் கட்டி அடங்கியே இருந்திருக்கிறது. இந்தப் பயத்துக்காக ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

## மூன்றையும் பக்கம் பக்கமாக

| அளவுகோல் | காத்திருந்து பார்ப்பது | முதலில் நிரூபணம் | உடனே ஸ்டீராய்டு |
|---|---|---|---|
| பொருந்தும் நோயாளி | அறிகுறியே இல்லை, ஈசிஜி, சிகே, எக்கோ நார்மல் | நிலை சீர், வேறு காரணம் சாத்தியம் | அறிகுறி அல்லது ஈசிஜி மாற்றம் அல்லது தசை பலவீனம் |
| இழக்கும் நேரம் | ஒரு நாளுக்கு மேல் கூடாது | 2 முதல் 5 நாள் வரை இழுக்கும் | சில மணி நேரம் |
| தவறினால் | ஹார்ட் பிளாக், திடீர் மரணம் | அதுவே, கொஞ்சம் தாமதமாக | சர்க்கரை, தொற்று, தூக்கமின்மை |
| நோயறிதல் தெளிவு | குறைவு | அதிகம் | சோதனைகளை உடன் செய்தால் அதிகம், விட்டுவிட்டால் குறைவு |
| தேவைப்படும் இடம் | மறுநாளே ட்ரோபோனின் தரும் லேப் | எம்ஆர்ஐ, பயாப்ஸி பழக்கம் | மானிட்டர், பேஸ்மேக்கர் வசதி |

கடைசிக்கு முந்தைய வரிசையை மறுபடி பாருங்கள். வழி 3-ன் உண்மையான பலவீனம் அங்கேதான். ஸ்டீராய்டு கொடுத்து ஆள் தேறிவிட்டார் என்று எம்ஆர்ஐயை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கட்டி மறுபடி வளரும்போது 'அன்று வந்தது மயோகார்டைட்டிஸ்தானா' என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

## ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால்

மூன்று நாளாகியும் ட்ரோபோனின் பாதியாகவில்லை, அல்லது துடிப்புக் கோளாறு தொடர்கிறது என்றால் இரண்டாவது மருந்து. நிலை மோசமாக இருந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. இங்கே ஆதாரம் மெலிந்தது. மையத்துக்கு மையம் பழக்கம் மாறுகிறது.

அபடாசெப்ட், டி செல்களின் இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4-ஐச் செயற்கையாகத் திரும்பப் போடும் மருந்து. காரணத்துக்கே எதிர்மருந்து என்பதால் தர்க்கம் வலுவானது. பாரிஸின் பிட்டியே-சால்பெத்ரியேர் மருத்துவமனையினர் கிலோவுக்கு 20 மி.கி. வரை அபடாசெப்ட்டும், அது பிடிக்கும்வரை தாங்க ருக்சோலிடினிப் மாத்திரையும், மூச்சுத் தசைக்குத் தீவிரக் கண்காணிப்பும் சேர்த்து 2023-ல் 40 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். இந்த முறை உருவாகும் முன் முதல் பத்துப் பேரில் 60 சதவீதம் இறந்தார்கள். பின்வந்த முப்பது பேரில் அது 3.4 சதவீதம். சிறிய எண்ணிக்கை, ஒரே மையம். ஆனாலும் இந்த நோயில் இதுவரை கண்ட மிகப் பெரிய மாற்றம். மூட்டுவாத மருத்துவர்களிடம் பழக்கமான மருந்து என்பதால் அவர்களை உடனே அழைக்கச் சொல்லலாம். விலையும் தொற்று அபாயமும் எதிர்ப்பக்கத்தில்.

மைக்கோஃபினோலேட் மாத்திரை, எங்கும் கிடைக்கும், விலை தாங்கும். நாள்கள், வாரங்கள் கழித்தே பிடிக்கும். மெதுவாக இறங்கும் ட்ரோபோனினுக்கு ஏற்றது. ஐசியூவில் பேஸ்மேக்கரோடு இருப்பவருக்கு இது மட்டும் போதாது.

ஏடிஜி என்ற எதிர்ப்புரத ஊசி டி செல்களை வேகமாக அழிக்கும். உறுப்பு மாற்று மையங்களில் பழக்கம் உண்டு. நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி, பின்பு கடும் தொற்று. உயிர் ஊசலாடும்போது மட்டும்.

ஐவிஐஜி, அதாவது தானமளித்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புரதம், நோயெதிர்ப்பை அதிகம் குறைக்காது. மயஸ்தீனியா சேர்ந்திருந்தால் நல்ல துணை. ஆனால் திரவச் சுமை பெரிது, பலவீனமான இதயம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்மா மாற்று சிகிச்சையையும் யோசிக்கிறார்கள் என்றால் வரிசையைக் கவனியுங்கள்: ஐவிஐஜி அல்லது அபடாசெப்ட் ஏற்றிய கையோடு பிளாஸ்மாவை மாற்றினால் கொடுத்த மருந்தே வெளியேறிவிடும்.

இன்ஃப்ளிக்சிமாப் இம்யூனோதெரபியால் வரும் குடல் அழற்சிக்கு நன்றாக வேலை செய்வதால் கை பழக்கத்தில் எழுதிவிடுவதுண்டு. இதய பலவீனத்தை அது மோசமாக்கும். இதய அழற்சிக்கு இதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

## மறுபடி இம்யூனோதெரபி தொடங்கலாமா

அறிகுறியோடு அல்லது துடிப்புக் கோளாறோடு வந்த உறுதியான மயோகார்டைட்டிஸ் என்றால் வேண்டாம். அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே இங்கே நிரந்தர நிறுத்தத்தின் பக்கம்தான். மாற்று மருந்துகளும் இதயத்துக்குச் சாதுவானவை அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மெலனோமாவுக்கான பிராஃப்-மெக் மாத்திரைகள் ஈஎஃப்-ஐக் குறைக்கக்கூடியவை. எக்கோ பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

ட்ரோபோனின் மட்டும் சிறிது ஏறி, எம்ஆர்ஐயிலும் பயாப்ஸியிலும் எதுவும் தெரியாமல், ஸ்டீராய்டு முழுதும் நிறுத்தியபின்னும் சாதாரணமாகவே இருப்பவர் வேறு வகை. அவரைப் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். தொடர்வதானால் இரட்டை மருந்து வேண்டாம், பிடி-1 மருந்து ஒன்று மட்டும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் ட்ரோபோனினும் ஈசிஜியும். முடிவு கையில் வந்தபின்தான் ஊசி. ரத்தம் கொடுத்துவிட்டு அன்றே ஊசியும் போட்டுக்கொண்டு, மாலையில் வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கையில் எண் ஏறியிருப்பதைப் பார்க்கும்படி ஆகக் கூடாது. லேப் முந்தின நாளே எடுத்துக்கொள்ளுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.